ரொறன்ரோக் கோடை: வெக்கை, இடிமழை, அதன் பின்னால் புகை

மே மாதம் வந்தால் கோடைகால முன்னறிவிப்புப் படம் ஒன்று வாட்ஸப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடும். நாடு முழுக்கச் சிவப்பு அடித்திருக்கும். 'இந்த முறை சரியான வெக்கையாம்' என்று ஒருவர் போடுவார், இன்னொருவர் வியர்க்கிற முகம் ஒன்றைப் போடுவார், அதோடு விஷயம் முடிந்துவிடும்.

அந்தச் சிவப்பு என்ன சொல்கிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மூன்று மாதங்களையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால், அது பல்லாண்டுச் சராசரியைவிடக் கூடுதலாக இருக்க எத்தனை வீதம் வாய்ப்பு, அவ்வளவுதான். ரொறன்ரோவில் ஜூலை மாதப் பகல் உச்சம் சராசரியாக 27 பாகை அளவில் நிற்கும். அது 28 ஆகக்கூடிய வாய்ப்பு அதிகம் என்றாலே படம் சிவக்கும். அந்த ஒரு பாகையை உங்கள் உடம்பு கவனிக்காது. நீங்கள் நினைவில் வைத்திருக்கப்போவது 36 பாகை அடித்த இரண்டு நாளையும், பேஸ்மென்டுக்குள் தண்ணீர் வந்த ஒரு பின்னேரத்தையும், வானம் மஞ்சளாகித் தொண்டை கரகரத்த ஒரு வார இறுதியையும்தான். மூன்று மாதச் சராசரிப் படத்துக்குள் இவை எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது.

அதனால் கோடை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, படத்தை விடுங்கள், சுற்றைப் பிடியுங்கள் என்றுதான். தென் ஒன்ராறியோவில் வெக்கையும் இடிமழையும் புகையும் அநேகமாக ஒரே காற்றோட்டத்தின் அடுத்தடுத்த கட்டங்களாக வருகின்றன. சில நாள் வெக்கை கூடும், குளிர் முகப்பு ஒன்று, அதாவது குளிர்காற்றின் முன்விளிம்பு, வந்து இடிமழையோடு அதை உடைக்கும், பிறகு வடமேற்குக் காற்று வீசும். முன்பெல்லாம் அந்த மூன்றாவது கட்டம்தான் நமக்குக் கிடைத்த பரிசு. இப்போது நெருப்பு மோசமான ஆண்டுகளில் புகை வருவதும் அந்தக் கதவாலேயே.

முதலில் வெக்கை. அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்திலோ ஒகாயோப் பள்ளத்தாக்கிலோ ஓர் உயர் அமுக்கம் வந்து குந்திவிட்டால், அதைச் சுற்றிக் காற்று கடிகார முள் போகிற திசையில் சுழலும். நாம் அதன் வடமேற்கு ஓரத்தில் இருப்பதால் நமக்குக் கிடைப்பது தென்மேற்குக் காற்று. மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு அயோவா, இலினோய், இந்தியானா சோள வயல்களுக்கு மேலாக அது வருகிறது. ஜூலையில் அந்தச் சோளம் ஆளுயரத்துக்கு நின்று நிலத்து நீரை இலைவழியே ஆவியாக விட்டுக்கொண்டிருக்கும், சத்தமில்லாமல் அதுவும் ஈரத்தைக் கூட்டும். விண்ட்சர், சாத்தம் பக்கத்துச் சோளமும் இதே வேலையைத்தான் செய்கிறது. '32 பாகை எல்லாம் ஒரு வெயிலா' என்று யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மாமாமார் சிரிப்பார்கள். ஆனால் யாழ்ப்பாணத்து வீட்டில் நாலு பக்கமும் ஜன்னல், முற்றம், வேப்பமர நிழல். இங்கே குளிரை மனதில் வைத்துக் கட்டிய வீடு, வெளிச்சம் வரட்டும் என்று வைத்த பெரிய கண்ணாடி, குறுக்குக் காற்று ஓட வழியே இல்லாத அபார்ட்மென்ட். பகலில் ஏறிய சூடு இரவு இறங்காவிட்டால் உடம்புக்கு ஓய்வே கிடையாது. வெப்ப எச்சரிக்கை கொடுப்பவர்களும் இரவைச் சேர்த்தே பார்க்கிறார்கள்: தென் ஒன்ராறியோவின் பெரும்பகுதியில் பகல் 31 பாகை அல்லது அதற்கு மேல், இரவு 20-க்குக் கீழே இறங்காமல் இரண்டு நாள் நீடித்தால் எச்சரிக்கை. இல்லாவிட்டால் ஹியூமிடெக்ஸ் 40-ஐ இரண்டு நாள் தொட்டால் எச்சரிக்கை. ஹியூமிடெக்ஸ் என்பது ஈரப்பதனைச் சேர்த்துக் கணக்கிடும் கனடாவின் சொந்தக் கணக்கு, 1965-இல் இருந்து புழக்கத்தில் உள்ளது. அமெரிக்கர்களின் ஹீட் இன்டெக்ஸ் வேறு சூத்திரம். போனில் ஓர் எண்ணும் வானொலியில் இன்னோர் எண்ணும் வருவதற்கு அநேகமாக இதுதான் காரணம், யாரும் பொய் சொல்லவில்லை.

2025 ஜூன் கடைசி வாரத்தில் பியர்சன் விமான நிலையத்தில் 36 பாகை வரை போனது. கோடை நாட்காட்டிப்படி அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஆனால் ரொறன்ரோவின் பழைய சாதனை இன்னும் அசையவில்லை. 1936 ஜூலையில் அடுத்தடுத்து மூன்று நாள் 40.6 பாகை, ஏசி இல்லாத காலம், மக்கள் ஏரிக்கரையில் போய்ப் படுத்தார்கள். அந்த வெப்ப அலையில் கனடாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஏரியைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர் வெப்பநிலையைப் பேச முடியாது. மே, ஜூனில் ஒன்ராறியோ ஏரி இன்னும் பனிக்காலத்துக் குளிரோடுதான் கிடக்கும். நண்பகலில் நிலம் சுட்டு மேலே காற்று எழும்ப, ஏரியில் இருந்து குளிர்காற்று உள்ளே வரும். அப்போது பிரம்டனில் 25 பாகை, ஸ்காபரோ மலைவிளிம்புக் கரையில் 14 பாகை, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. செய்தியில் சொல்கிற 'ரொறன்ரோ வெப்பநிலை' பெரும்பாலும் பியர்சனில் அளந்தது, அது ஏரியில் இருந்து தள்ளி உள்ளே இருக்கிறது. ஏரிக்கரையில் இருப்பவர் அந்த எண்ணை நம்பி மேலாடை இல்லாமல் வந்தால் நடுங்குவார். ஜூலை, ஓகஸ்டிலும் ஏரி விளையாட்டுக் காட்டும். பலமான மேற்குக் காற்று ஒருநாள் இரண்டுநாள் அடித்தால், பூமியின் சுழற்சி காரணமாக மேல்தண்ணீர் வலப்பக்கம், அதாவது தெற்கே, அமெரிக்கக் கரைப் பக்கம் தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் வடகரையில் மேலே வரும். நேற்று 20 பாகையில் பிள்ளைகள் நீந்திய தண்ணீர் இன்று 8 பாகையாகக் கிடக்கும், வெளியே நல்ல வெயில். கால் வைத்துப் பார்க்காமல் குதிக்க வேண்டாம் என்பது இதனால்தான்.

சரி, வெக்கை எப்படி உடைகிறது? வடமேற்கில் இருந்து குளிர்ந்த, உலர்ந்த காற்று ஒன்று தள்ளிக்கொண்டு வரும்போது, அதன் முன்விளிம்பு நம் ஈரக்காற்றை ஆப்புப் போலக் கீழிருந்து தூக்குகிறது. தூக்கிய ஈரம் குளிர்ந்து முகிலாகி இடியாகிறது. முகப்பு வராத நாளிலும் சிலசமயம் இடி விழும், அதற்குக் காரணம் ஏரிகளே. ஹூரன் ஏரிக்காற்று ஒரு பக்கத்தில் இருந்தும் ஈரி ஏரிக்காற்று மறுபக்கத்தில் இருந்தும் உள்ளே வந்து லண்டன், வுட்ஸ்டொக் பக்கத்தில் முட்டிக்கொள்ளும், முட்டிய கோட்டில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. மதியம் வரை வெறும் நீல வானம், மூன்று மணிக்குப் பூக்கோவா போல முகில் எழும்பும். தென்மேற்கு ஒன்ராறியோ கனடாவிலேயே மின்னல் மிகக் கூடுதலாக விழும் பகுதிகளில் ஒன்றாக இருப்பதில் இந்த ஏரிகளுக்கும் பங்கு உண்டு.

மோசமானவை பெரும்பாலும் வெக்கைக் குவியலின் நடுவில் வருவதில்லை, அதன் ஓரத்தில் வருகின்றன. நடுவில் காற்று கீழே அமுங்கிக்கொண்டிருப்பதால் முகில் வளராது. ஓரத்தில் மேல்காற்று வேகமாக ஓடும், கீழே ஈரம் நிறைய இருக்கும், இரண்டும் சேர்ந்தால் இடிமழைக் கூட்டம் ஒன்று வரிசைகட்டி அந்த ஓரத்தின் மேலேயே ஓடும். 2022 மே 21, விக்டோரியா தின நீள்வார இறுதிச் சனிக்கிழமை, அப்படித்தான் நடந்தது. தென்மேற்கு முனையில் தொடங்கிக் கியூபெக் நகரம் வரை சுமார் 1,000 கிலோமீற்றர் ஓடிய அந்த டெரேச்சோ (நெடுந்தூரம் ஓடும் இப்படியான இடிமழைக் காற்று வரிசைக்குப் பெயர்) மத்தியானம் அளவில் ரொறன்ரோவைக் கடந்தது. பியர்சனில் மணிக்கு 120 கிலோமீற்றர், கிச்சினர் பக்கத்தில் 130-க்கு மேல், ஒட்டாவாப் பக்கத்தில் சில இடங்களில் 190 வரை. அக்ஸ்பிரிட்ஜில் அதற்குள்ளேயே ஒரு டொர்னாடோவும் இறங்கியது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் விழுந்த மரங்களால். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் கரண்ட் இல்லை, சில இடங்களில் ஒரு வாரத்துக்கும் மேல்.

மரம் என்பதைக் கவனியுங்கள். இடிமழை என்றால் நாம் மின்னலுக்குப் பயப்படுகிறோம், அன்றைக்கு ஆளைக் கொன்றது கூடுதலாக மரம். பார்க்கில் மழை வந்ததும் எல்லோரும் முதலில் ஓடுகிற இடமும் மரத்தடிதான்.

பார்க் என்றதும் இன்னொன்று. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடை முழுக்க ஒன்றுகூடல் வைக்கும் மோர்னிங்சைட் பார்க், தொம்சன் பார்க் எல்லாம் ஹைலன்ட் ஓடையின் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. அவ்வளவு பெரிய, அழகான நிலம் நகரத்துக்கு நடுவில் வீடு கட்டப்படாமல் எப்படித் தப்பியது? 1954 ஒக்டோபரில் ஹேசல் சூறாவளியின் மிச்சம் ரொறன்ரோவுக்கு மேல் வந்து கொட்டியதில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ஒரு தெருவே வீடுகளோடு அடித்துச் செல்லப்பட்டது. அதற்குப் பிறகுதான் பள்ளத்தாக்குகளில் குடியிருப்புக் கூடாது என்று முடிவெடுத்து, நிலத்தை வாங்கிப் பார்க்காக விட்டார்கள். அதாவது நாம் கொத்துரொட்டி போடுகிற அந்த இடம் வெள்ளம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று ஒதுக்கிய நிலம். ஹைலன்ட் ஓடை நீர் பிடிக்கும் பரப்பு முழுக்க இப்போது கூரையும் தாரும் கொங்கிரீட்டுமாக இருப்பதால், மேலே மார்க்கம் வீதிப் பக்கம் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், கீழே வெயில் அடித்தாலும் ஓடை பொங்கும்.

வெள்ளத்தைப் பொறுத்தவரை 2024 ஒரு நல்ல பாடம். ஜூலை 16-இல் பியர்சனில் 97.8 மில்லிமீற்றர் பெய்தது, பெரும்பகுதி மூன்று மணித்தியாலத்துக்குள். டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலையில் கார்கள் மூழ்கின, யூனியன் நிலையத்துக்குள் தண்ணீர். ஒரு மாதம் கழித்து ஓகஸ்ட் 17-இல் பியர்சனில் 128 மில்லிமீற்றர், 2013 ஜூலை 8-இல் விழுந்த 126-ஐயும் தாண்டியது. இவ்வளவும் மேற்குப் பக்கத்துக் கணக்கு, அதே நாட்களில் ஸ்காபரோவின் சில தெருக்களில் இதில் பாதிகூட விழவில்லை. இடிமழையின் குணமே அதுதான், ஒரு தெரு நனையும், அடுத்த தெரு புழுதியாகக் கிடக்கும். செயலியில் '60 வீதம் மழை' என்றால் நாள் முழுக்க மழை என்று எடுத்து ஒன்றுகூடலை ரத்துச் செய்கிறவர்களும் உண்டு, 40 வீதம்தானே என்று பந்தலைக் கட்டி முறிந்தவர்களும் உண்டு. கோடையில் அந்த வீதத்தைவிட ராடர் படம் பயன்படும். மேற்கே குவெல்ஃப், கிச்சினர் பக்கம் சிவப்பு வரி ஒன்று தெரிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் உங்களிடம் வரும்.

வெக்கைக்கு இதமாக இருக்கும் பேஸ்மென்ட்தான் வெள்ளத்துக்கு முதல் பலி. புதிதாக வந்த மாணவர்களும் குடும்பங்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள், வாடகை கட்டுப்படியாவது அங்கேதான். தண்ணீர் கதவால் வருவதைவிடக் கழிவுக் குழாய் வழியே பின்னோக்கி மேலே வருவது கூடுதல். அதைத் தடுக்க ஒருவழி வால்வு போடலாம், ரொறன்ரோ மாநகரசபை அதற்கு மானியமும் கொடுக்கிறது. வீட்டுக் காப்புறுதியில் கழிவுநீர் பின்னோட்டம் பல நேரம் தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்று, சும்மா வராது. வாடகைக்கு இருப்பவர் தன் பொருட்களுக்கான காப்புறுதியில் அது இருக்கிறதா என்று தானே பார்க்க வேண்டும், வீட்டுக்காரரின் காப்புறுதி உங்கள் கணினிக்கும் சான்றிதழ்களுக்கும் பணம் தராது.

இடிமழை போய்விட்டது. காற்று வடமேற்குக்குத் திரும்புகிறது, வெப்பநிலை 33-இல் இருந்து 23-க்கு இறங்குகிறது, ஈரம் விட்டுப்போகிறது, உடம்பு லேசாகிறது. பல வருடப் பழக்கத்தில் நாம் செய்வது ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னல்களை எல்லாம் திறப்பது. பிழை சொல்ல முடியாது, அந்தக் காற்று ஹட்சன் குடாப் பக்கத்தில் இருந்தும் வட மனிற்றோபாக் காடுகளில் இருந்தும் வருகிற சுத்தமான காற்று என்றுதான் இருந்தது. காடு எரியாத ஆண்டில் இப்போதும் அப்படித்தான். எரிகிற ஆண்டில் அதே காற்று சஸ்கச்சுவான், மனிற்றோபா, வடமேற்கு ஒன்ராறியோ நெருப்புகளுக்கு மேலாக வருகிறது. முகப்புக்குப் பின்னால் வருகிற காற்று கீழ்நோக்கி அமுங்குகிற காற்று என்பதால் இரண்டு மூன்று கிலோமீற்றர் உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த புகையைத் தரைக்கு இறக்கியும் விடுகிறது. மனிற்றோபாவின் ஃப்ளின் ஃப்ளொன் இங்கிருந்து சுமார் 2,000 கிலோமீற்றர். மேல்காற்று மணிக்கு நாற்பது ஐம்பது கிலோமீற்றரில் ஓடினால் இரண்டு நாளில் வந்துவிடும். உடம்புக்கு மிகச் சுகமாகத் தெரிகிற நாளே நுரையீரலுக்கு மோசமான நாளாக இருக்கக்கூடும் என்பதுதான் பலருக்கு இன்னும் பிடிபடாத விஷயம்.

எப்போதும் வடமேற்கில் இருந்துதான் என்றும் இல்லை. எங்கே எரிகிறது என்பதைப் பொறுத்தது. 2023 ஜூன் 1-இல் கியூபெக்கில் மின்னல் விழுந்து ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தீ பிடித்தது. அந்த வாரம் கிழக்குக் கரையோரம் ஒரு தாழ்வமுக்கம் நகராமல் நின்றது. தாழ்வமுக்கத்தைச் சுற்றிக் காற்று கடிகாரத்துக்கு எதிராகச் சுழலும், அதன் மேற்குப் பக்கத்தில் காற்று வடக்கில் இருந்து தெற்கே இறங்கும். அப்படித்தான் கியூபெக் புகை நேராக ஒட்டாவாவுக்கும் நியூயோர்க்குக்கும் போனது. ஜூன் 7-இல் நியூயோர்க் வானம் செம்மஞ்சளாகி, அன்றைய பேஸ்போல் ஆட்டத்தையே தள்ளிப்போட்டார்கள். அந்த மாதக் கடைசியில் மொன்றியலும் ரொறன்ரோவும் உலகின் மோசமான காற்றுள்ள நகரங்களின் பட்டியலில் மேலே வந்தன. 2025 ஜூலை 14-இல் ரொறன்ரோ அதே பட்டியலில் இரண்டாம் இடத்துக்குப் போனது, இந்த முறை புகை மேற்கில் இருந்தும் வட ஒன்ராறியோவில் இருந்தும்.

அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. கனடாவில் சாதாரண ஆண்டில் இரண்டு, இரண்டரை மில்லியன் ஹெக்டேயர் காடு எரியும். 2023-இல் எரிந்தது சுமார் 15 மில்லியன். முழு இலங்கையும் ஆறரை மில்லியன் ஹெக்டேயர்தான். 2025 அதற்கு அடுத்த மோசமான ஆண்டு, எட்டு மில்லியனுக்கு மேல்.

புகை வந்தால் வெப்பநிலையும் மாறும். முன்னறிவிப்பில் 33 என்று போட்டிருப்பார்கள், பகலில் 30-க்கு மேல் ஏறாது. புகை வெயிலின் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகிறது, புகையைக் கணக்கில் எடுக்காத கணினி மாதிரிகள் அன்றைக்கு இரண்டு மூன்று பாகை தவறும். தடித்த புகை இடிமழையையும் குறைக்கலாம், தரை சூடாகாமல் மேலே புகைப்படலம் சூடேறினால் காற்று எழும்ப மனமில்லாமல் நிற்கும். ஆனால் வானம் மங்கலாக இருக்கிறது, சூரியன் மிளகாய்ப்பழம் போல இருக்கிறது என்பதை வைத்துக் காற்று மோசம் என்று முடிவெடுக்க முடியாது. புகை ஐந்து கிலோமீற்றர் உயரத்தில் ஓடினால் சூரியன் சிவக்கும், மூக்குக்கு ஒன்றும் தெரியாது, காற்றுத்தரச் சுட்டெண்ணும் 2, 3 என்று இருக்கும். மறுபக்கம், வானம் ஓரளவு வெளிப்பாகத் தெரியும்போதே தரையில் எண் ஏறுவதும் உண்டு. நாட்கணக்காக வெயிலில் கிடந்து பழையதான புகைக்கு விறகு மணம் இருக்காது, பிளாஸ்டிக் கருகியது போல ஒரு மணம் வரும், வீட்டில் ஏதோ வயர் எரிகிறது என்று மக்கள் பதறுவார்கள். வழியில் புகையின் வேதிப்பொருட்கள் உடைந்து மாறுவதால் வருகிற மணம் அது.

எண்ணைப் பார்க்கும்போது எந்த எண் என்று பாருங்கள். கனடாவின் காற்றுத்தரச் சுகாதாரச் சுட்டெண்ணான ஏக்யூஎச்ஐ 1-இல் தொடங்கி 10-க்கு மேல் போனால் '10+' என்று நிற்கும். 4-இல் இருந்து மிதமான ஆபத்து, 7-இல் இருந்து உயர் ஆபத்து. போனில் வருகிற ஏக்யூஐ அமெரிக்க அளவுகோல், 0 முதல் 500 வரை. '160' என்று ஒருவரும் '7' என்று ஒருவரும் சண்டை பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன், இருவரும் ஒரே காற்றைத்தான் சொல்கிறார்கள். கனடாவின் சுட்டெண்ணின் அடிப்படைக் கணக்கு மூன்று மணி நேரச் சராசரியில் போகிறது, ஓசோனையும் நைட்ரஜன் டைஒக்சைட்டையும் நுண்துகளையும் சேர்த்துப் பார்க்கிறது, அதனால் புகை திடீரென்று இறங்குகிற முதல் மணித்தியாலத்தில் எண் பின்தங்கலாம். அந்த நேரம் மூக்கை நம்பலாம். நாளைக்கும் மறுநாளைக்கும் புகை எங்கே போகும் என்று பார்க்க ஃபயர்வேர்க், ஃபயர்ஸ்மோக் கனடா என்று இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன. மணிக்கு மணி நகர்த்திப் பார்க்கலாம், இரண்டு நாள் வரை ஓரளவு சரியாகவே இருக்கும். அதற்கு அப்பால் ஐந்தாம் நாள் புகையைச் சொல்கிற எவரையும் நம்பாதீர்கள், நெருப்பு எவ்வளவு எரியும் என்பதே தெரியாதபோது புகையை எப்படிச் சொல்வது?

புகையில் ஆபத்தானது 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள், தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு அளவு. நுரையீரலின் அடிவரை போகும், இரத்தத்திலும் கலக்கும். துணி முகக்கவசமும் நீலநிற மருத்துவமனைக் கவசமும் இதற்குப் பெரிதாக உதவாது, என்95 முகத்தோடு ஒட்டி இருந்தால் உதவும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், இவர்களுக்குப் பிறகு நாம் மறக்கிற ஒரு கூட்டம் கூரை வேலையிலும் தோட்ட வேலையிலும் நிற்பவர்களும், சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிற மாணவர்களும். எண் 7 ஆனால் வேலை நின்றுவிடும் என்று அவர்களுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சிக்கலே ஜன்னலில் இருக்கிறது. வெக்கைக்குத் திற என்கிறார்கள், புகைக்கு மூடு என்கிறார்கள். மத்திய ஏசி உள்ள வீட்டுக்காரருக்குப் பிரச்சினை இல்லை, ஃபர்னஸ் வடிகட்டியை நுண்துகளைப் பிடிக்கும் மெர்வ் 13 தரத்துக்கு மாற்றி, விசிறியை ஓடவிட்டுக்கொண்டு இருக்கலாம், பழைய ஃபர்னஸ் என்றால் அது தாங்குமா என்று கேட்டுவிட்டு. ஏசி இல்லாத பழைய அபார்ட்மென்டில் இரண்டும் ஒரே நாளில் வந்தால்? வெக்கையே முதலில் ஆளைக் கொல்லும், எனவே வீடு தாங்க முடியாத சூடானால் புகை இருந்தாலும் ஜன்னலைத் திறக்கத்தான் வேண்டும், அல்லது நூலகத்துக்கோ மோலுக்கோ போய்ச் சில மணி நேரம் இருக்க வேண்டும். பொதுச் சுகாதாரத்துறைகளும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கின்றன. காசு அதிகம் இல்லாதவர்களுக்கு ஒரு கைவேலை: சதுர பொக்ஸ் ஃபான் ஒன்று, நாலைந்து மெர்வ் 13 வடிகட்டி, டக்ட் டேப். வடிகட்டிகளைப் பெட்டிபோல ஒட்டி மேலே விசிறியை வைத்தால் ஓர் அறையின் துகளைக் கணிசமாகக் குறைக்கும். கோர்சி–ரோசன்தால் பெட்டி என்று பெயர், கோவிட் காலத்தில் பரவியது. சாம்பிராணி போடுவது, மீன் பொரிப்பது, தாளிப்பது எல்லாம் அன்றைக்கு ஒத்திவைத்தால் நல்லது. சமையல் புகையும் அதே துகள்தான், வெளியே போக வழியில்லாமல் உள்ளே சுற்றும்.

எச்சரிக்கை முறையும் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் இருந்து கனடாவின் வானிலை எச்சரிக்கைகளுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் போடுகிறார்கள், பாதிப்பு எவ்வளவு இருக்கும் என்பதை வைத்து. மஞ்சள் அடிக்கடி வரும், அதற்கெல்லாம் பயந்தால் கோடை முழுக்க வீட்டுக்குள் இருக்க வேண்டியதுதான். செம்மஞ்சள் வந்தால் திட்டத்தை மாற்றுங்கள். சாதாரண இடிமழை எச்சரிக்கைக்குப் போன் அலறாது. டொர்னாடோவுக்கும், மணிக்கு 130 கிலோமீற்றர் காற்று அல்லது 7 சென்டிமீற்றர் ஆலங்கட்டி என்கிற அளவுக்குப் போன இடிமழைக்கும்தான் அலறும். 90 கிலோமீற்றர் காற்றிலேயே மரம் முறியும் என்பதை இதோடு சேர்த்து யோசித்தால், போன் அலறவில்லை என்பதை வைத்துப் பந்தலுக்குள் நிற்க மாட்டீர்கள்.

இனி, வரப்போகிற கோடை புகைக் கோடையா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவுக்கு. ஆனால் அதற்கு ரொறன்ரோவின் முன்னறிவிப்பைப் பார்த்துப் பயனில்லை. பார்க்க வேண்டியது வட அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான், மனிற்றோபாவில் மாரியில் எவ்வளவு பனி விழுந்தது, அது எப்போது உருகியது, ஏப்ரல், மே மாதங்களில் மழை பெய்ததா என்று. பனி உருகி, புல்லும் இலையும் பச்சையாவதற்கு இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில் போன வருடத்துக் காய்ந்த புல்லும் ஈரம் குறைந்த ஊசியிலை மரங்களும் வெடிமருந்து போலக் கிடக்கும், மனிதர் கைதவறி வைக்கும் தீ அப்போதுதான் ஓடும். 2025 மே 28-இல் மனிற்றோபா அவசரநிலை அறிவித்தது, ஃப்ளின் ஃப்ளொன் நகரமே வெளியேறியது, மொத்தம் 17,000 பேருக்கு மேல், பல பழங்குடிச் சமூகங்களை இராணுவ விமானத்தில் ஏற்றினார்கள். நமக்குப் புகையாக வந்தது அவர்களுக்கு வீடு. ஜூனுக்குப் பிறகு மின்னலின் முறை: கனடாவின் காட்டுத்தீக்களில் ஏறத்தாழப் பாதியைத்தான் மின்னல் மூட்டுகிறது, ஆனால் எரிகிற பரப்பில் மிகப் பெரும்பகுதி அதன் கணக்கு. ஆள் போக முடியாத இடத்தில் விழுந்து, பல நாள் யாரும் பார்க்காமல் வளரும்.

மாரி வந்தால் எல்லாம் அணைந்துவிடும் என்றும் இல்லை. அந்தக் காடுகளின் அடியில் கிடக்கும் கரிய மக்கு மண் பனிக்குக் கீழேயே மெல்லக் கனன்றுகொண்டிருக்கும். 2023-இன் நெருப்புகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அல்பேர்ட்டாவிலும் 2024 ஜனவரியில்கூடப் பனிக்கு அடியில் உயிரோடு இருந்தன. எனவே மே மாதம் அந்தச் சிவப்புப் படம் உங்கள் குழுவுக்கு வரும்போது, அதோடு மேற்குக் கனடாவின் வறட்சி வரைபடம் ஒன்றையும் தேடிப் பாருங்கள், மாதாமாதம் வருகிறது, இலவசம்தான்.